திங்கட்கிழமை கிளம்பாத வண்டி

மோட்டார் மின்சாரத்தைப் பற்றித் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைக்கூடப் புரிந்துகொள்ளாமல், நல்ல டிரைவர் ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டியவன் நான்.

பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்குத் துணிக்கடை. ரயில் அந்த நாளில் பதுளைவரை வராது, தெமோதரையோடு நின்றுவிடும். அங்கிருந்து சரக்கு எடுத்துவர ஒரு பழைய மோட்டார் வாங்கியிருந்தேன். தினமும் ஓடியவரை தொல்லையில்லை. அடைமழையில் பாதை சரிந்து, வண்டி நாலு நாள் கொட்டகையில் நின்றால் மட்டும் திங்கட்கிழமை பேட்டரி செத்துக் கிடக்கும். கடைச் சிப்பந்திகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறக்கத்தில் தள்ளுவார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும்.

"வெளக்கப் போட்டுக்கிட்டு வண்டிக்குள்ளயே படுத்துக்கிறியா?" என்றேன் டிரைவரிடம்.

"எல்லாத்தையும் அமத்திட்டுத்தாங்க எறங்குறேன்."

"அப்ப மின்சாரத்துக்குக் கால் மொளச்சுப் போச்சா? இன்னொரு தடவ கெளம்பலைன்னா நீ வேற எடம் பாத்துக்க."

இது கடை வாசலில், எல்லோர் காதிலும் விழ நடந்தது. பதுளை சின்ன ஊர். டிரைவர் பொய் சொல்கிறார் என்ற பேச்சு மாலைக்குள் ஊரிலுள்ள எல்லா மோட்டார்க் கொட்டகைக்கும் போயிருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவர் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். "மொதலாளி, எல்லா சுவிட்சையும் நீங்களே அமத்துங்க. அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது."

எல்லாவற்றையும் அணைத்தேன். அவர் பேட்டரியின் தடித்த கம்பியைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை வைத்துப் பிடித்தார். பல்பு மங்கலாக எரிந்தது.

"எல்லாம் அமத்தியிருந்தா இது எரியக் கூடாதுங்க. ஏதோ ஒண்ணு குடிச்சிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு கம்பியாக் கழட்டுங்க."

இந்த வழி என் புத்தகத்தில் இருந்ததா என்று யோசித்தேன். இருந்திருக்கலாம். முன்விளக்குக் கம்பியைக் கழற்றினேன், ஹார்ன் கம்பியைக் கழற்றினேன், பின்விளக்குக் கம்பியையும் கழற்றினேன். பல்பு எரிந்துகொண்டேயிருந்தது. மற்றவற்றோடு ஒட்டாத மெல்லிய சிவப்புக் கம்பி ஒன்று மிச்சமிருந்தது. இழுத்தேன். பல்பு அணைந்தது.

"அது எங்க போகுதுன்னு பாருங்க" என்றார்.

பார்க்கத் தேவையிருக்கவில்லை. வண்டி வாங்கிய வாரத்தில் முன்பலகையில் முருகன் படம் மாட்டி, அதற்கொரு குட்டி விளக்கும் வைக்கச் சொன்னவன் நானே. சாமி விளக்கை யாரும் அணைக்கக் கூடாதென்று, சுவிட்சே வேண்டாம் எனக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கோயிலில் நடை சாத்துவது போல, மாலையானதும் வெல்வெட்டுத் திரையை இழுத்து மூடுவதும் நான்தான். திரைக்குப் பின்னால் முருகன் நாலு நாளும் வெளிச்சத்தில் விழித்திருந்தார்; பேட்டரிதான் தூங்கிப்போனது.

மறுநாள் கடை வாசலில், முன்பு கேட்ட அதே காதுகள் கேட்க, தப்பு என்னுடையது என்று சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். படித்தவன் மன்னிப்புக் கேட்டால் அதில் இலக்கியம் சேர்ந்துவிடுகிறது. "நீ எங்கயும் போக வேணாம்" என்று முடித்தேன்.

"பெரிய மனசுங்க" என்றார் அவர். "ஆனா ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துத் தொரைகிட்ட முந்தாநாளே வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டேங்க. கெட்ட பேரோட போகக் கூடாதேன்னுதான் பல்ப எடுத்தேன்."