மாமன் பலகை

போன செவ்வாய்க்கிழமை அடுத்த தெரு நடராஜன் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு சீப்பு வாழைப்பழம். நடராஜன் காரணமில்லாமல் பழம் வாங்குகிறவர் அல்ல. என்ன விஷயம் என்று கேட்டேன்.

“அடுத்த மாசம் நாங்களும் சிங்கப்பூர் கிளம்பறோம் சார். மச்சினன் கூப்பிட்டிருக்கான். நீங்க குடும்பத்தோட போய்ட்டு வந்தவரு... அங்க பார்க்க வேண்டிய கோயில் எல்லாம் சொன்னீங்கன்னா...”

என்னிடம் இப்படிக் கேட்கலாமா? நாங்கள் பார்த்த ஒன்பது கோயில்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன். எந்தக் கோபுரத்துக்கு எத்தனை நிலை, எங்கே குழாயில் கால் கழுவ வேண்டும், எங்கே செருப்பைத் தனியாக விட்டுவிட்டு நிம்மதியாகச் சாமி கும்பிடலாம் — ஒன்றையும் விடவில்லை. சிராங்கூன் ரோட்டுக் காளி கோயிலில் வெள்ளிக்கிழமை எப்பேர்ப்பட்ட கூட்டம் என்று சொன்னபோது நடராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எல்லாத்துலயும் விசேஷமானது எது சார்?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் நான் பேச்சை மாற்றினேன். “காபி ஆறிப்போகுது, குடிங்க” என்றேன். காபி ஆறவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அதனால்தான் இந்த வாரப் பத்திக்கு எழுத உட்கார்ந்த விஷயத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என் எண்ணும் பைத்தியம் உங்களுக்குப் பழகிப்போனதுதான். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் காலமெல்லாம் மூட்டை எண்ணியவனுக்கு ரிட்டையரானால் மட்டும் அது விட்டுப்போகுமா? கப்பல் ஏணியின் படிகளை எண்ணியதைப் பற்றி இங்கே எழுதியபோது, ‘படியை எண்ணினீர்கள் சரி, கடலைப் பார்த்தீர்களா?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இன்றைக்கு நான் எழுதப் போவதும் ஏறக்குறைய அதற்குப் பதில்தான்.

நாங்கள் சிங்கப்பூருக்குப் போனது கோயில் பார்க்க அல்ல. ஒரு காதுகுத்துக்கு.

என் தம்பி சோமு யுத்தத்துக்கு முன்பே கப்பல் ஏறினவன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிளார்க். அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். குழந்தை இல்லை. ஜப்பான்காரன் காலம் முடிந்து தபால் மறுபடி ஓட ஆரம்பித்ததும் அவனிடமிருந்து வந்த முதல் கடிதத்தில், ‘ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்க்கிறோம், மீனாட்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்’ என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் ‘எடுத்து வளர்க்கிற’ என்ற வார்த்தை கிடையாது. என் பெண் பள்ளிக்கூடம் போகிறாள். என் பெண் தேவாரம் பாடிப் பரிசு வாங்கினாள். என் பெண்ணுக்குக் கல்யாணம்...

அந்தக் கல்யாணத்துக்கு எங்களால் போக முடியவில்லை. சோமுவின் மனைவி முன்பே இறந்துபோனாள். பிறகு சோமுவும் போய்விட்டான். மீனாட்சிக்குப் பெண் குழந்தை பிறந்து வள்ளி என்று பெயரிட்டு, அதற்குக் காது குத்த வேண்டிய நேரம் வந்தபோது பிறந்த வீடென்று சொல்ல அவளுக்கு அங்கே யாரும் இல்லை. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமே! கூடப் பிறந்தவன் இல்லாவிட்டால் பெரியப்பன் மகன்தான் மாமன். ‘செல்வம் அண்ணன் வந்து மடியில் வைத்துக்கொண்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம்’ என்று அவள் எழுதியிருந்தாள். முத்து முத்தான தமிழ் எழுத்து.

செல்வம் என் ஒரே மகன். பாங்கில் வேலை. லீவு போட்டான். என் மனைவி சிவகாமி மாமன் சீராக ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்கி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம்.

கப்பல் ஒரு நாள் தாமதம். போய்ச் சேர்ந்ததே காதுகுத்து நாளன்று காலையில்தான். துறைமுகத்தில் மீனாட்சியின் கணவர் முருகேசன் நின்றிருந்தார்.

“மீனா நேத்து பூரா இங்கதான் நின்னுச்சு மாமா. இன்னிக்குக் கோயில்ல பொங்கல் வைக்கணும்ல, அதான் வரல. நான் உங்கள வாசல்ல எறக்கி விட்டுட்டு பத்தரக் கூட்டிட்டு வந்துர்றேன். அவரு இல்லாம யாரு காது குத்துறது?”

டாக்சி எங்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, காது குத்துகிற பத்தரைத் தேடிப் போனது. கோயில் என்றா சொன்னேன்? தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. அதற்குள் ஒரு மாரியம்மன். கோபுரம் — பூஜ்யம்.

“இதுக்கா இத்தன நாள் கடல்ல வந்தோம்?” என்றாள் சிவகாமி.

உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மீனாட்சி யார் என்று கண்ணால் துழாவினோம். பொங்கல் பானைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சீனப் பெண் எழுந்து எங்களை நோக்கி வந்தாள். மாம்பழ மஞ்சளில் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, இடுப்பில் குழந்தை. சிங்கப்பூரில் வசதியுள்ள வீடுகளில் சீன ஆயா வைத்துக்கொள்வார்கள் என்று கப்பலிலேயே கேள்விப்பட்டிருந்தோம்.

“பாருங்க, ஆயாவுக்குப் பட்டுப்புடவை!” என்றாள் சிவகாமி. “நல்ல நாளும் அதுவுமா புள்ளைய இவகிட்ட குடுத்துட்டு அந்த மகராசி எங்க போனா? கோயிலுக்குள்ள கண்டவங்களையும் விட்டுருவாங்களா இங்க?”

அந்தப் பெண் எங்கள் முன்னால் வந்து, குழந்தையோடு அப்படியே குனிந்து காலைத் தொடப் போனாள். சிவகாமி சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, ‘நீ போ, போய் அம்மாவைக் கூப்பிடு’ என்று கையால் ஜாடை காட்டினாள். ஜாடை போதாது என்று நான் வேறு என் ரயில்வே இங்கிலீஷில், “வேர் இஸ் தி மதர்?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்தாள்.

“நான்தான் பெரியப்பா. மீனாட்சி.”

யுத்த காலத்தில் எத்தனையோ சீனக் குடும்பங்கள் வளர்க்க வழியில்லாமல் பெண் குழந்தைகளைக் கொடுத்தார்களாம். நம்மவர்கள் பலர் வாங்கிப் பெயரிட்டுப் பெற்ற பெண்ணாகவே வளர்த்தார்களாம். இதெல்லாம் பிறகு முருகேசன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சோமு ஏன் இதை ஒரு வரிகூட எழுதவில்லை என்று முதலில் கோபம் வந்தது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எழுத வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது.

மீனாட்சி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. “கப்பல்ல சரியா தூங்கியிருக்க மாட்டீங்க பெரியம்மா, உக்காருங்க லா. தண்ணி கொண்டாறேன்” என்று அந்த ஊர்ப் பேச்சு வழக்கத்தில் ஒரு ‘லா’ போட்டுச் சொல்லிவிட்டு ஓடினாள். அதற்குள் முருகேசன் பத்தரோடு வந்துவிட்டார். பூசாரி அம்மனுக்கு நேராக ஒரு மரப்பலகையைப் போட்டுக் கோலமிட்டார்.

“தாய்மாமன் வந்து உக்காரலாம்.”

செல்வம் ஒரு அடி எடுத்து வைத்தான். சிவகாமி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூண் பக்கமாக இழுத்தாள்.

“கொஞ்சம் இருடா. என்னங்க, நீங்க எதும் பேச மாட்டீங்களா? மாமன்னு ஒரு தடவ உக்காந்துட்டா அதோட முடியுதா? நாளைக்கு அந்தப் புள்ள பெரியவளானா சீரு, கல்யாணத்துக்கு முறை... எல்லாத்துக்கும் இவன்தான் நிக்கணும். இவனுக்கே இன்னும் பொண்ணு பாக்கல. ஊர்ல நாலு பேரு ‘சீனத்தி மகளுக்கா மாமன்’னு கேட்டா என்ன சொல்றது?”

“மெதுவா பேசும்மா” என்றான் செல்வம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன்? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “நல்ல நேரம் முடிய இன்னும் நேரம் இருக்கு” என்றேன். இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே யாரும் என்னிடம் நேரம் கேட்கவில்லையே!

அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதை அதற்குள் இரண்டாவது முறையாக மறந்திருந்தோம்.

மீனாட்சி தண்ணீர்ச் செம்போடு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். செம்பைக் கீழே வைத்தாள். எங்களைத் தாண்டிப் போனாள். பூசாரியிடம்தான் சொன்னாள்.

“அண்ணனுக்குக் கப்பல்ல வந்த அசதி, தலை சுத்துதாம். நல்ல நேரம் தப்பிடக் கூடாதுல்ல...” வாசல் பக்கம் திரும்பினாள். “அந்தோணி அண்ணே! இங்க வாங்க. வந்து உக்காருங்க.”

அந்தோணி பக்கத்து லைன்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கழுத்தில் சிலுவை தொங்க, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா? வெளயாடாத மீனா. மாதா கோச்சுக்கிட்டா நான் சமாளிச்சுக்குவேன். மாரியாத்தாள யாரு சமாளிக்கிறது?”

“சும்மா உக்காருய்யா” என்றார் பூசாரி. “இந்தக் கூரை போட்டப்ப சோமண்ணன் மேல நின்னாரு, நீதான கீழ ஏணியப் பிடிச்ச? அப்ப ஆத்தா கோச்சுக்கிட்டாளா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மீனாட்சி குழந்தைக்காகச் சிவகாமியிடம் கை நீட்டினாள். அவள் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? பத்தர் சந்தனத்தால் புள்ளி வைத்து இரண்டு காதிலும் கம்பியைச் செலுத்த, வள்ளி அலறிய அலறலில் அந்தோணி அவளைவிட அதிகமாக அழுதார்.

“மாமன் அழுதா மழை பெய்யும் லா!” என்று யாரோ கேலி செய்தார்கள். மாமன்... ஆமாம், அதற்குள் ஆகிவிட்டார்.

சிவகாமி கெட்டவள் அல்ல. இதைப் படிக்கிறவர்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மஞ்சள் துணியை அவிழ்த்துத் தோடுகளை எடுத்து நீட்டினாள். மீனாட்சி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அழகா இருக்கு பெரியம்மா. ஆனா மாமன் போடுற தோடு மாமன் கையால வரணும்ல? ஆத்தாவுக்குச் சாத்திருவோம். அப்பா போட்ட கூரைக்குக் கீழதான இருக்கப் போவுது.”

பூசாரி தோடுகளை அம்மன் காலடியில் வைத்தார். அதை ‘நல்ல காரியம்’ என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு நாங்கள் அங்கிருந்த நாளெல்லாம் ஊர் முழுக்கக் கோயில் கோயிலாக எங்களைக் கூட்டிப் போனவள் அவள்தான். பஸ்ஸில் பெரியம்மாவுக்கு ஜன்னலோர ஸீட் பிடித்துக் கொடுத்தாள். எந்தச் சந்நிதியில் எந்தப் பதிகம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது எங்கள் மூன்று பேருடைய நட்சத்திரத்தையும் தடுமாறாமல் சொன்னாள். ‘அப்பா சொல்லிக் கொடுத்தது’ என்றாள். எங்கள் ஜன்ம நட்சத்திரத்தைக் கடல் தாண்டி ஒரு வீட்டில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நாங்களோ அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் போய் இறங்கியிருக்கிறோம்.

நான் கோபுர நிலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணும்போது யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது கோயிலுக்குப் பிறகு சிவகாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஒருநாள் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். “ஒங்கப்பனுக்கும் இப்படித்தான், ரெண்டு சுழி” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினாள். மீனாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவகாமிக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் என்ன? காது குத்தியாகிவிட்டது. மறுபடியும் ஒரு முறை குத்த முடியுமா?

திரும்பும் கப்பலில் செல்வம் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“நான் உக்காந்திருப்பேம்ப்பா” என்றான்.

“உக்காந்திருக்கலாமேடா!”

“நீங்க கடியாரத்தப் பார்த்தீங்க.”

ஊருக்கு வந்து சேர்ந்தோம். அவன் இன்னும் கல்யாணம் ஆகாமல்தான் இருக்கிறான். நாங்கள் யாருக்குப் பயந்தோமோ அந்த நாலு பேரில் ஒருவர்கூட இதுவரை வந்து எங்களை எதுவும் கேட்கவில்லை. பழத்தோடு வந்த நடராஜன்கூடக் கோயிலைத்தான் கேட்டார்.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை அல்லவா? நேற்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தஞ்சோங் பகாரில் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக் கோயில் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள் என்றேன்.

“கோபுரம் எத்தனை நிலை சார்?”

“கோபுரம் கிடையாது.”

“பின்னே என்ன விசேஷம்?”

என்ன சொல்வேன்? நாங்கள் சுற்றிப் போய்க் கும்பிட்ட இடங்கள் ஒன்பது. எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்ன இடம் அது ஒன்றுதான்.