ஆறாம் நம்பர் சீட்

உட்காரும் இடத்தைப் பற்றி வாய்திறந்து பேச வெட்கப்படுகிறவனுக்கு இந்தத் தொழில் ஆகாது. நான் இதில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். திருப்பதியில் சைக்கிள் விற்கப் பலர் உண்டு. தூரம் ஓட்டுகிறவர்களுக்கு வலிக்காத சீட் பார்த்துக் கொடுப்பது, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கடை முன்னால் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேங்க் ஹேமா, பள்ளிக்கூட வாத்தியார் சுரேஷ், ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் குமரவேல், ரயில்வே அண்ணன் தம்பி இருவர், காலமான தேவராஜின் மனைவி ராஜம்மா, நான். ஏழு பேர். சைக்கிள் ஐந்து. அந்த நாளுக்கு வருவதற்கு முன்னால் நடந்ததையும் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

அட்டை

என் அளவெடுப்பு சுலபமானது. பெஞ்சின் மேல் நெளி அட்டை ஒன்றைப் போடுவேன். வந்தவர் அதன்மேல் உட்கார்ந்து இரண்டு காலையும் தூக்க வேண்டும். எழுந்தால் அட்டையில் இரண்டு பள்ளம் இருக்கும். உட்காரும் எலும்புகளின் பள்ளம். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்து, பின்னால் பேரும் மில்லிமீட்டரும் எழுதிக் கட்டி வைப்பேன். ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு இரண்டு பள்ளம். அவர்கள் உட்காரும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சுவரில் ஒன்பது ஆணி, ஒன்பது சீட். அளவுக்குத் தக்கதை எடுத்துப் போய் ஒரு ஞாயிறு ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை திருப்பித் தரலாம். முதல் முறை அளவெடுத்தபோது ரயில்வே தம்பி அட்டையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னது: "இன்னா நைனா, கைரேகை மாதிரி இதையும் போலீஸ்ல கேப்பாங்களா?"

மெத்தை

உட்கார்ந்து நொந்தவர்களே, நீங்களும் முதலில் இதைத்தான் செய்திருப்பீர்கள். வலிக்கிறதே என்று மெத்தென்ற சீட்டை வாங்கியிருப்பீர்கள். ஹேமாவும் அப்படித்தான். மெத்தை அமுங்கிவிட்டால் எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைச் சதை தாங்கும். பத்து கிலோமீட்டருக்குச் சொர்க்கம். நாற்பதுக்கு மேல் உங்களுக்கே தெரியும். கெட்டியாக ஒன்று வேண்டும் என்றார். அவர் அளவுக்குக் கொஞ்சம் குறுகல்தான் என்று சொல்லியே ஆறாம் நம்பரைக் கொடுத்தேன்.

ஆறாம் நம்பர் தோல் சீட். பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆன தேவராஜ் பதினோரு வருடம் ஓட்டியது. அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்த பிறகு, யாராவது ஓட்டட்டும் என்று ராஜம்மா கொண்டுவந்து கொடுத்தார். தோல் சீட் ஓட்டுகிறவரின் உருவத்துக்கு அமுங்கி அப்படியே நின்றுவிடும். இதில் இடது பக்கம் நான்கு மில்லிமீட்டர் கூடுதல் பள்ளம்.

திங்கட்கிழமை ஹேமா சீட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தார். வலி இல்லையாம். குறுகலும் தெரியவில்லையாம். பிறகு ஏன் திருப்பித் தருகிறார் என்று கேட்டேன். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "இதுல ஏற்கனவே யாரோ உக்காந்துகினு இருக்காங்க அண்ணா. எழுந்திருக்கச் சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு."

மதகு

அடுத்த வாரம் சுரேஷ் சார் கொண்டுபோனார். நீண்ட ஓட்டம் எப்போதும் ஒரே வழிதான்: திருப்பதியிலிருந்து சித்தூர், அங்கிருந்து கங்காதர நெல்லூர், புத்தூர், நாராயணவனம், மறுபடி திருப்பதி. என் மீட்டரில் நூற்று அறுபத்தெட்டு. கங்காதர நெல்லூர் தாண்டி ஒரு சின்ன மதகு வரும். நிழல் கிடையாது, கடை கிடையாது, நிற்க ஒரு காரணமும் கிடையாது. சுரேஷ் சார் அங்கே இறங்கியிருக்கிறார், அதுவும் வலது பக்கமாக. கொஞ்ச நேரம் சும்மா ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டு, சீட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி ஏறிப் போயிருக்கிறார்.

தேவராஜும் எப்போதும் அந்த மதகில் இறங்கி நிற்பார். அவருக்கு இடது முட்டி முழுசாக மடங்காது. வலது பக்கமாகத்தான் இறங்குவார். ஹேமாவுக்கு போன் செய்தேன். அவரும் அதே மதகு, வலது பக்கம், இரண்டு தட்டு. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டிருக்கிறார். இருவருக்கும் தேவராஜைத் தெரியாது. ஒரே பள்ளத்தில் உட்கார்ந்தால் ஒரே தூரத்தில் இடுப்பு களைக்கும், களைத்தால் ஒரே பக்கம் சாயும் என்று நான் கணக்குப் போட்டேன். அது வரைக்கும் சரி. ஆனால் தட்டுவது கை ஆயிற்றே. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு தட்டு தட்டி 'ரைட்' சொல்லும் கண்டக்டர் தட்டு. அதைச் சீட் எப்படிக் கற்றுக்கொடுக்கும்? சுரேஷ் சார் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: "சீட்டுல தப்பு ஏமி லேது. என் கைதான் என் பேச்சைக் கேக்கல."

நாற்பத்தொன்று

ராஜம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் திடுக்கிடவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். தேவராஜ் சித்தூரிலிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு வரும் பஸ்ஸில் இருந்த காலம். ஒருநாள் அந்த மதகில் டயர் மாற்ற நிறுத்தினார்களாம். எல்லாரும் இறங்கி ஏறினார்கள். அவர் எண்ணாமல் இரண்டு தட்டு தட்டி ரைட் கொடுத்துவிட்டார். புத்தூரில் எண்ணினால் டிக்கெட் நாற்பத்தொன்று, ஆள் நாற்பது. கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு தூக்குச் சட்டி இருந்தது. ஒல்லியான ஓர் ஆள், திருப்பதி டிக்கெட். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்ப் பார்த்தபோது மதகில் யாரும் இல்லை. தூக்குச் சட்டியைக் கேட்டு டிப்போவுக்கும் யாரும் வராததால் அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாராம்.

அவரோடு ஓட்டிய நாங்கள் எல்லாரும் அவருக்கு அங்கே கால் கடுக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். ராஜம்மா சொன்னார்: "ரெஸ்ட் எடுக்க இல்லண்ணா. ஆளு வருதான்னு பாக்கத்தான் பதினோரு வருசமா எறங்கினு இருந்தாரு."

அன்று மாலை ஆறாம் நம்பரை ஆணியிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி உள்ளே வைத்தேன்.

மரத்துப் போனது

இப்போது குமரவேல். வாரத்தில் ஆறு நாள் ஸ்ரீசிட்டியில் நின்றபடி வேலை, வரதய்யபாளையத்தில் ரூம். சனிக்கிழமை திருப்பதியில் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான், ஞாயிறு ஓட்டுவதற்காக. இரண்டு மணி நேரம் ஓட்டினால் மரத்துப் போகிறது என்றான். எங்கே என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இருவருமே சுவரைப் பார்த்தோம். மரத்துப் போகாத சீட் கிடைக்காவிட்டால் சைக்கிளை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஐந்து வாரத்தில் ஐந்து சீட் போட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது வாரம் சைக்கிளை விற்கத்தான் வந்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் அட்டையை எடுத்தேன். நூற்று இருபத்தெட்டு, இடது பள்ளம் ஆழம் கூடுதல். இந்த அளவு எங்கோ பார்த்தது. கட்டைப் பிரித்து தேவராஜின் அட்டையைத் தேடி அதன் மேல் வைத்தேன். பள்ளத்துக்குள் பள்ளம் டம்ளருக்குள் டம்ளராக உட்கார்ந்தது. இருபத்துமூன்று அட்டையில் வேறு எந்த இரண்டும் அப்படி உட்காரவில்லை. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன்.

மறைக்காமல் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி, வேண்டாம் என்றேன். மரத்துப் போவதைவிட இது பயமில்லை என்றான். ராஜம்மாவுக்குத் தகவல் சொன்னேன். அதனால்தான் அந்த ஞாயிறு விடியலில் அவரும் வந்து நின்றார். எல்-கீயால் நான் சீட்டை முடுக்கி முடித்தேன். குமரவேல் ஏறும்போது ராஜம்மா ஹாண்டிலைப் பிடித்துச் சொன்னார்: "எறங்கணும்னு தோணுனா எறங்குப்பா. ஆனா ரைட்டு குடுக்கறதுக்கு மின்னாடி எண்ணிப் பாரு."

டபுள்ஸ்

போனவர்கள் ஐந்து பேர். பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் திரும்பினார்கள். இரண்டு முறை எண்ணினேன்; ஐந்து. கடைசியாக வந்தவன் குமரவேல். மற்ற நால்வரும் அவனை விட்டுச் சற்றுத் தள்ளியே வந்தார்கள். இறங்கியதும் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். மரத்துப் போகவில்லையாம். நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டருக்கும் ஒருமுறைகூட இல்லையாம். மதகில் இறங்கி நின்றானாம். எண்ணுவதற்கு யாரும் இல்லாததால், வாங்க போகலாம் என்று வெறும் ரோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு இரண்டு தட்டு தட்டினானாம். அங்கிருந்து வண்டி மிதிக்கக் கனமாக இருந்ததாம். கொஞ்ச தூரம் அவனுக்குப் பின்னால் வந்த ஹேமா, அவன் பின் டயர் அமுங்கியே ஓடியது என்றார். கேரியர்கூட இல்லாத சைக்கிள். காற்றை அளந்தேன், காலையில் நான் அடித்தது அப்படியே இருந்தது.

நீண்ட ஓட்டம் முடித்தவரை மறுபடி அளப்பது என் வழக்கம். பழைய அட்டையை எறிந்துவிட்டுப் புது அட்டை போட்டேன். உட்கார்ந்தான், காலைத் தூக்கினான், எழுந்தான். அட்டையில் நான்கு பள்ளம். முன்னால் இரண்டு, நூற்று இருபத்தெட்டு. ஒரு சாண் பின்னால் இன்னும் இரண்டு, லேசாக, நூற்று இரண்டு. நகர்ந்து உட்கார்ந்திருப்பான் என்று சொல்வீர்கள். நகர்ந்தால் எலும்பின் அகலம் குறையாது.

குமரவேல் அட்டையைப் பார்க்கவில்லை. ராஜம்மாவைப் பார்த்துத் தயங்கிச் சொன்னான்: "கங்காதர நெல்லூர்லேர்ந்து டபுள்ஸ் வந்த மாதிரியே இருந்திச்சி ஆயா. கடை வாசல்ல எறங்கிட்டாங்கன்னு நெனச்சேன்." ராஜம்மா வாசல் பக்கம் பார்த்தார். கையில் கொண்டு வந்திருந்த பையிலிருந்து பழைய தூக்குச் சட்டி ஒன்றை எடுத்து பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திருப்பதி டிக்கெட்டுதானே. வந்து சேந்தாச்சி. நாப்பத்தொண்ணு."

அந்தச் சீட்டை குமரவேலுக்கே கொடுத்துவிட்டேன், இப்போது ஆணி ஒன்பது, சீட் எட்டு, அதெல்லாம் எனக்குப் புரிகிற கணக்கு. தேவராஜின் கணக்கும் நேராகிவிட்டது. என் அட்டைக் கட்டில்தான் இருபத்துமூன்று பேருக்கு நாற்பத்தாறு பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு இருக்கிறது, மீதி இரண்டு.