நீலப் புள்ளி ஷாஃப்டும் மேகலாவின் மெடிக்கல் சீட்டும்

மேகலா, நவீன், உங்கள் இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நவீன் இப்போது பிளஸ் டூ. அவனும் அடுத்து இதே வரிசையில்தான் போய் நிற்கப் போகிறான். மேகலாவுக்கு இதில் முக்கால்வாசி தெரியும், பட்டவளே அவள்தான். கடைசியில் வருவது மட்டும் அவளுக்கும் தெரியாது.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். இத்தனை வருஷமும் எழுதியதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்தான். அதில் வருத்தத்தை எழுத இடம் கிடையாது. அதனால் எங்காவது ஒரு மாதிரியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. சைக்கிளுக்குப் போட்டியில்லை

நீட் ரிசல்ட் வந்து, கவுன்சலிங் விண்ணப்பம் போடப் போத்தனூரில் ரஹீம் பாய் பிரவுசிங் சென்டருக்குப் போன நாள். பாய்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர். மார்க்கைப் பார்த்தவுடனே அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, கவர்மென்ட் ஸ்கூல் ஒதுக்கீட்டுல இந்த மார்க்குக்கு எம்.பி.பி.எஸ். கண்ண மூடிட்டுக் கெடைக்குமுங். ஸ்வீட் ஆர்டர் பண்ணிப்போடுங்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பாய் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டே வந்தார்.

"ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எல்லாமே கவர்மென்ட் ஸ்கூல்தானுங்களே?"

"ஆமாங் பாய். இலவச புக்கு, சத்துணவு, சைக்கிள், எல்லாம் வாங்குனாளுங்க."

பக்கத்தில் நின்ற மேகலா மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அது எய்டட் ஸ்கூலுங்க."

பாயின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. "எய்டட்னா இதுல வராதுங்களேண்ணா."

"வாத்தியாருக்குச் சம்பளம் கவர்மென்ட்தானுங்களே குடுக்குது?"

"குடுக்குதுங். நான் இல்லைன்னு சொல்லலீங்களே. ஆனா நடத்தறது தனியாருங்க. இவிய கேக்கறது கவர்மென்ட் நடத்தற ஸ்கூல."

"அப்ப சைக்கிள் மட்டும் எப்படிங் குடுத்தாங்க?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சைக்கிளுக்குப் போட்டியில்லீங்ண்ணா."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அதைவிடச் சரியான பதில் யாரும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போய் ஹெச்.எம். அம்மாவிடம் கேட்டேன். "வருஷா வருஷம் ஒரு அப்பா இப்படி வந்து இதே நாற்காலியில உக்காருவாருங்க" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, பொம்பளைப் பிள்ளை நடந்தே போய் வரலாம் என்று சேர்த்தது. ஆறாவது சேர்க்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அப்போது அந்த ஒதுக்கீடே வரவில்லை.

மேகலா பொதுப் பட்டியலுக்குப் போனாள்.

2. மஞ்சள் டிரே

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குறிச்சி தொழிற்பேட்டையில் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். கிரைண்டிங் முடிந்து வரும் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்து பிரிப்பது என் வேலை.

அளவு சரியாக இருந்தால் எக்ஸ்போர்ட் பெட்டி. ஒரு மயிரிழை தள்ளியிருந்தால் அது ஸ்கிராப் ஆகிவிடாது, உள்ளூரில் ஸ்பேராக விற்கும். அதற்கு மார்க்கரில் ஒரு நீலப் புள்ளி வைத்து ஸ்பேர் ரேக்கில் அடுக்குவோம். ஸ்டோர் கேட்ட எண்ணிக்கை நிறைந்துபோனால், அதற்குமேல் மிஞ்சும் இதே மாதிரிப் பீஸ்கள் மஞ்சள் பெயின்ட் அடித்த டிரேயில் கிடக்கும். அதற்கு 'ஹோல்ட்' என்று பெயர். எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, தூசி படிந்து கிடக்கும். பிரிக்கும்போது, இருப்பதில் நல்லதாகப் பார்த்து முதலில் நீலப் புள்ளி வைப்போம். அதைவிடச் சுமாரானது மஞ்சளுக்குப் போகும். நான் சேர்ந்த நாளிலிருந்து வழக்கம் அதுதான்.

மாசக் கடைசி வந்தால் எக்ஸ்போர்ட் லோடுக்கு எண்ணிக்கை குறையும். மேனேஜர் வெளிநாட்டுப் பார்ட்டிக்கு போன் போட்டு டீவியேஷன் வாங்குவார். அதாவது, இந்த ஒரு தடவை அளவில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று ஒப்புதல் வாங்குவது. வாங்கிவிட்டு ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவார்: "ஏனுங், மஞ்ச டிரேயக் கிளியர் பண்ணுங்!" அவ்வளவுதான். மாசம் பூராவும் தூசியில் கிடந்தது ஆயில் பேப்பர் சுற்றிக் கப்பல் ஏறிவிடும்.

நீலப் புள்ளி வைத்தது ஸ்பேர் ரேக்கிலேயே இருக்கும். அதற்கு என்ட்ரி போட்டாயிற்று. யாரும் அதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம்.

3. சேர்ந்துபோட்டு அப்கிரேட்

முதல் ரவுண்டில் மேகலாவுக்கு எம்.பி.பி.எஸ். வரவில்லை. பி.டி.எஸ். வந்தது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிதான், ஆனால் நம் ஊரிலிருந்து ரொம்ப தூரம். ஹெல்ப்லைனில் கேட்டோம். "சேர்ந்துட்டு அப்கிரேடுன்னு குடுத்துருங்க சார். ரெண்டாவது ரவுண்டுல மேல வந்தா மாறிக்கலாம். சேரலைன்னா இதுவும் போயிடும்" என்றார்கள். பாயும் அதையேதான் சொன்னார். உங்கள் அம்மா, "பல்லு டாக்டருனா டாக்டர் இல்லீங்களா? கெடச்சத உட்டுப்போட்டு எதுக்குங் முழிக்கோணும்?" என்றாள்.

சேர்ந்தோம். அப்கிரேடுக்கும் டிக் அடித்தோம். ஹாஸ்டலில் விட்டுவிட்டு நான் கிளம்பும்போது மேகலா, "பெட்டியப் பூராவும் பிரிக்கலீங்கப்பா. எப்படியும் மாறத்தானே போறேன்" என்றாள்.

அவளோடு கோச்சிங் படித்த ரேணுகாவுக்கு மேகலாவைவிட மார்க் குறைவு. அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. அவள் அப்பா பழனிசாமி போத்தனூர் ஜங்ஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"உங்க புள்ளைக்காச்சும் ஒண்ணு வந்துருச்சுங். எங்கூட்டுல அவ சோறே திங்க மாட்டீங்கறா."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் கம்பெனிக் கதையைச் சொன்னேன். "மஞ்ச டிரேல கெடக்கறதுதானுங்க மாசக் கடைசில கப்பல்ல போகும். கடைசி ரவுண்டு வரைக்கும் உட்டுப்போடாதீங்க. கண்டிப்பா ஏதாச்சும் வருமுங்" என்றேன்.

"என்ற புள்ளைய டிரேல போட்டுட்டீங்களா?" என்று சிரித்தார். ஆனால் கொஞ்சம் தெம்பாகத்தான் வண்டியை எடுத்தார்.

இரண்டாவது ரவுண்டு முடிந்தது. மேகலாவுக்கு மாற்றம் இல்லை. ரேணுகாவுக்கும் ஒன்றும் இல்லை.

4. அதான் அவங்க எலிஜிபிள்

மூன்றாவது ரவுண்டுக்கு முன்னால் பாய் கம்பெனிக்கே போன் போட்டார். பேச்சில் அவசரம்.

"அண்ணா, சேராம உட்ட மெடிக்கல் சீட்டு கொஞ்சம் திரும்பி வந்துருக்குதுங். பாப்பா மார்க்குக்கு இந்தத் தடவ கெடைச்சுருமுங். வாங், வாங், உடனே வாங்!"

பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினேன். பாய் மேகலாவின் நம்பரைப் போட்டு கவுன்சலிங் சைட்டுக்குள் போனார். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது. பாய் அதை ஒரு தடவை மனசுக்குள் படித்தார், அப்புறம் எனக்குப் படித்துச் சொன்னார். இரண்டாவது ரவுண்டு முடிந்து சீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ரவுண்டில் கலந்துகொள்ளத் தகுதி இல்லை.

அங்கேயே நின்று ஹெல்ப்லைனுக்குப் போட்டேன். ரொம்ப நேரம் பாட்டு ஓடி ஒருவர் எடுத்தார்.

"சார், உங்க பொண்ணு ஏற்கெனவே சீட் வாங்கிட்டாங்க."

"வாங்குனது பல்லுக்குங்க. கேட்டது மெடிக்கலுங்க. நீங்கதானுங்களே சேர்ந்துட்டு மாறிக்கலாம்னு சொன்னீங்க?"

"அது ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் சார். விதிமுறையில இருக்கு."

"சரிங், அந்தச் சீட்ட வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தா?"

"வந்தாலும் இந்த வருஷம் எலிஜிபிள் கிடையாது. அதுவும் போயிடும், இதுவும் வராது. யோசிச்சுப் பண்ணுங்க சார்."

"அப்ப எங்களுக்குக் கீழ மார்க் எடுத்த புள்ளைக்கு மெடிக்கல் கெடைக்குமுங்களா?"

"அவங்களுக்கு சீட் இல்லைல்ல சார். அதான் அவங்க எலிஜிபிள்."

அவர் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதிலுக்குச் சத்தமாவது போட்டிருப்பேன். போனை வைத்த பிறகு பாய் அன்றைக்கு என்னிடம் காசு எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பக்கத்துக் கடையில் டீ சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மேகலா போன் செய்தாள்.

"அப்பா, ரேணுகாவுக்கு எம்.பி.பி.எஸ். கெடச்சுருச்சுங்க. கவர்மென்ட் காலேஜ். ரிசல்ட்ட நான்தான் மொதல்ல பாத்து அவளுக்குச் சொன்னேன்."

"நீ எப்படிக் கண்ணு இருக்கற?"

"பெட்டியப் பிரிச்சு அடுக்கிட்டேனுங்க. அனாட்டமி கிளாஸ் இருக்குதுங்கப்பா. வாரேன்."

அவ்வளவுதான் பேசினாள். அன்றைக்குச் சாயங்காலமே பழனிசாமி ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே கூட வரவில்லை, வாசலில் நின்றே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னது அப்படியே நடந்துருச்சுங். நானெல்லாம் ஆசைய உட்டுப்போட்டனுங். நீங்க ஒருத்தர்தானுங் கடைசி வரைக்கும் பாருங்கன்னு சொன்னீங்க." அவர் கண்ணில் தண்ணீர். அவருக்கு எங்கள் கதை முழுசாகத் தெரியாது. "பாப்பாவுக்கும் சந்தோசமா இருக்குமுங்களே?" என்று கேட்டார். "இருக்குமுங்க" என்றேன்.

பாக்ஸ் சாமி அலமாரிப் பக்கத்தில் அப்படியே இருந்தது. உங்கள் அம்மா சொன்னாள்: "அந்தப் புள்ள மேல என்னங் கோவம்? அது ஒழுங்காப் படிச்சுது, வாங்குச்சு. ஒண்ணு எடுத்து வாயில போடுங்." எனக்கும் அந்தப் பிள்ளை மேல் கோபம் இல்லை. ஆனால் இறங்கவில்லை. நவீன், கடைசியில் நீதான் தின்று தீர்த்தாய். அதுவும் நல்லதுதான்.

5. நவீனுக்கு

நவீன், இதில் பாடம் என்று நீ கேட்டால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். 'கிடைக்குமா' என்று மட்டும் கேட்டுவிட்டு வராதே. 'இதை வாங்கிக்கொண்டால் அப்புறம் எதெல்லாம் கிடைக்காது' என்று கேள். அதைக் கேட்டால்தான் சொல்வார்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள். அந்த வருஷத்து விதிமுறைப் புத்தகத்தை நீயே உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படி. போன வருஷத்து விதியைச் சொல்லும் ஆளை நம்பாதே, நானாக இருந்தாலும்.

இது முழுப் பாடமும் இல்லை. முன்னாலேயே தெரிந்திருந்தால் வந்த பி.டி.எஸ். சீட்டை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்குமா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது ரவுண்டில் எத்தனை சீட் திரும்பி வரும் என்று சேரும் அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. தெரியாத ஒன்றை வைத்து ஒரு பிள்ளையிடம் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, தெரிந்த பிறகு நீதானே தேர்ந்தெடுத்தாய் என்கிறார்கள்.

மேகலா இப்போது ஒயிட் கோட் போட்டுக்கொண்டு மற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது என் கடைவாய்ப் பல்லைப் பார்த்து, "வெத்தல போடறத நிறுத்துங்கப்பா, இல்லீனா புடுங்கிருவேன்" என்று மிரட்டினாள். ஆனால் ஊரில் யாராவது "டாக்டருங்களா?" என்று கேட்டால், முன்னால் ஒரு நொடி நின்று, "பல்லுக்குங்க" என்று சேர்த்துச் சொல்கிறாள். அந்த ஒரு நொடி எனக்குக் கேட்கிறது.

இனி, மேகலாவுக்கும் தெரியாதது.

ரேணுகாவுக்கு சீட் வந்த அந்த மாசக் கடைசி. வழக்கம்போல எக்ஸ்போர்ட் லோடு குறைந்தது. மேனேஜர் டீவியேஷன் வாங்கிவிட்டு ஜன்னல் வழியாக, "ஏனுங், மஞ்ச டிரேயக் கிளியர் பண்ணுங்!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். மற்றவர்களும் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் டிரே முன்னால் மைக்ரோமீட்டரோடு நின்றேன். கை போகவில்லை. இத்தனை வருஷமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நல்லதாக இருந்ததால்தான் அதை முதலில் எடுத்துப் புள்ளி வைத்தோம். புள்ளி வைத்ததால்தான் அப்புறம் யாரும் அதை அளக்கவில்லை.

டிரேயை விட்டுவிட்டு ஸ்பேர் ரேக்குக்குப் போனேன். ஒவ்வொரு ஷாஃப்டாக எடுத்துத் துடைத்து, புது அளவுக்கு வைத்துப் பார்த்தேன். அடித்தட்டில் கிடந்த ஒன்று அந்த அளவுக்குள் தாராளமாக உட்கார்ந்தது. திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை அளந்தேன். அப்போதும் சரியாகத்தான் இருந்தது.

மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியில் கொஞ்சம் தின்னரைத் தொட்டு அதன் நீலப் புள்ளியைத் தேய்த்தேன். காய்ந்த மை, சுலபத்தில் போகவில்லை. போகும் வரை தேய்த்துவிட்டு, ஆயில் பேப்பரில் சுற்றி எக்ஸ்போர்ட் பெட்டியில் வைத்தேன்.