மேசைமேல் ஒரு லத்விய ஊர்

இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிய புதிதில், மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் நான் சாப்பாட்டுத் தட்டு கழுவினேன். பக்கத்தில் கழுவியவர் லத்வியாக்காரர். கதவுக்குக் குனிந்து வரும் உயரம். எப்போதும் சிவந்த கன்னம். மதிய இடைவேளையில் தன் ஊரை மேசையில் பரப்பாமல் அவர் சாப்பிடமாட்டார். கறுப்புப் பாண் துண்டுகள் காடு, பீட்ரூட் சூப் ஏரி, என் இடியப்பம் சதுப்பு நிலம். அதற்கு இடப்பக்கம் கரண்டியால் ஒரு பாலம். ஜெர்மன்காரர், சுவீடன்காரர், ரஷ்யர் என்று ஊரைப் பிடிக்க முள்ளுக்கரண்டிகள் பாலத்தால் வந்து திரும்பிப் போகும். கடைசியில் சனத்தொகை சொல்வார். ஊரிலிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் அது குறையும்.

ஒருநாள் ஈரக் கையுறையோடு ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுழற்றினார்.

“ஊரில இரட்டைப் பிள்ளை பிறந்திட்டுது! சனத்தொகையில மூண்டு கூடிட்டுது!”

“இரட்டை எண்டால் இரண்டுதானே?”

“பாலம் எங்க இருக்கு, சொல்லு?”

யோசிக்காமல் என் இடியப்பப் பெட்டிக்கு இடப்பக்கம் காட்டினேன்.

“பாத்தியா, நீதான் மூண்டாவது!”

அந்த வேலையை விட்டுப் பல வருடம். சனத்தொகையிலிருந்து என்னைக் கழித்துவிட்டாரோ தெரியாது. நான் மட்டும் இன்றைக்கும் இடியப்பத் தட்டுக்கு இடப்பக்கம் பாலத்துக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.