சிவப்பு அம்பு ஒட்டிய டவுன் பஸ்

ஊரில் எது ஏறினாலும் அதற்கான முதல் திட்டை வாங்கிக்கொள்வதுதான் கண்டக்டர் உத்தியோகம். டிக்கெட் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பஸ்ஸில் நின்றே பாதி ஆயுளைக் கழித்த சக பயணிகளே, என்னை எதிர்க்கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள், நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். கால்வலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

நான் இருப்பது திருப்பூரில் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில். ஊர்க் கடைசியில் உள்ள ஒரு காலனியில் கிளம்பி, ராயபுரம் வழியாகப் பழைய பஸ் ஸ்டாண்டு போகும் வண்டி. பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் முதலாளி பத்திரிகை படிப்பவர் இல்லை, ஆனால் படித்துக் காட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறார். காலை முதல் டிரிப்பில் பாதிக்கு மேல் ஒரே பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள். அந்த டிரிப்தான் வண்டிக்குச் சோறு போடுகிறது, வண்டி எனக்குப் போடுகிறது.

அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசே இல்லையே, பிறகு உங்கள் வண்டியில் எதற்கு ஏறுகிறார்கள் என்று கேட்பீர்கள். அது மெயின் ரோட்டோடு போய்விடும். காலனிக்குள் நுழைவது எங்கள் வண்டி ஒன்றுதான். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை காலமும் அதை அந்த லட்சணத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

புது போர்டு

கட்டணம் ஏறிய அன்று காலையில் புதுக் கட்டண போர்டை ஒட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒட்டுவதற்கு இடம் தேடினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தகரம் பெயர்ந்திருந்தது. ஜன்னல் ஓரம் துரு. கடைசியில், பழைய போர்டின் மேலேயே ஒட்டினேன். வண்டியிலேயே பசை பிடிக்கிற இடம் அது ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அச்சடித்தவனும் நானே, ஏற்றியவனும் நானே என்பது போல ஒரு பார்வை. பீகாரிலிருந்து வந்து இங்கே டெய்லராக இருக்கும் மனோஜ் மட்டும் மரியாதையாகப் பேசினார். அவர் தமிழ் கற்றுக்கொண்டது எங்கள் ஊர்க்காரர்களிடம் என்பதால் எங்கே இடம் கிடைத்தாலும் ஒரு 'ங்க' போட்டுவிடுவார். போனை நீட்டி க்யூஆர் கோடில் காசைப் போட்டுவிட்டு, நிதானமாக மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாங்க, ரேட்டு புதுசுங்க, போர்டு புதுசுங்க. பஸ்ஸு மட்டும் நான் ரயில்ல வந்து எறங்குனப்ப பார்த்த அதே பஸ்ஸுங்க."

உள்ளே பெய்யும் மழை

வண்டியின் கூரையில் ஓர் ஓட்டை உண்டு. திருப்பூரில் எதை அடைப்பதானாலும் துடைப்பதானாலும் கைக்கு முதலில் வருவது பனியன் வேஸ்ட். தைத்தது போக மிச்சம் விழுகிற துண்டுத் துணி. நானும் ஒரு பிடி எடுத்து ஓட்டையில் திணித்து வைத்திருந்தேன். மழை இல்லாத நாட்களில் அது மிக நன்றாக வேலை செய்தது.

கட்டணம் ஏறிய அதே வாரத்தில் மழை பிடித்தது. வேஸ்ட் நன்றாக ஊறிக்கொண்டு, சும்மா ஒழுகியிருந்தால் ஒழுகியிருக்கும் தண்ணீரை விடவும் அதிகமாகக் கொட்டியது. அதற்கு நேர் கீழே குண்டடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். மகள் வீட்டுக்கு ஒரு பை தக்காளியோடு போகிறவர். சத்தம் போடவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தக்காளிப் பையைக் காலுக்கடியில் நகர்த்திவிட்டு, சரியான சில்லறையாக எடுத்து என்னிடம் நீட்டினார். ராயபுரம் வருவதற்குள் வெளியே வெயிலடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் குடையை மடக்கவில்லை. இறங்கும்போது படியில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங் கண்டக்டரு, வெளிய மழை நின்னு அரை மணி நேரமாச்சுங். உள்ளார எப்பங் நிக்கும்?"

கால் ஷிப்ட்

இந்த ஊரில் நாளை மணிக்கணக்கில் அளக்கமாட்டார்கள், ஷிப்ட் கணக்கில்தான் அளப்பார்கள். அந்தச் செக்கிங் பெண்களின் கம்பெனியில் எட்டரைக்கு கேட்டை அடைத்துவிடுவார்கள். ஒரு நிமிஷம் பிந்தினாலும் டீ டைம் வரை வெளியே நிற்க வேண்டும். கால் ஷிப்ட் சம்பளம் போச்சு. புதன்கிழமை எங்கள் வண்டி பாதி வழியில் கியர் விழாமல் நின்றுவிட்டது. டிரைவர் மயில்சாமி கியரைக் கெஞ்சினார், மிரட்டினார். பெண்கள் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கேட் அடைத்தாகிவிட்டது.

மறுநாள் காலையில் செல்வி என்கிற செல்வியம்மா என்னிடம் வந்தார். தேனிப் பக்கத்துக்காரர், அந்தப் பெண்களுக்கெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஆள் சேர்ந்தால் கம்பெனியே வேன் விடுகிறதாம், எல்லோரும் பெயர் கொடுக்கப் போகிறார்களாம். அந்த டிரிப் போனால் வண்டியை விற்றுவிடுவேன் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். வண்டியை விற்றால் இந்த வயதில் எனக்கு வேறு எந்த வண்டியில் இடம் கிடைக்கும்?

ஆனால் செல்வியம்மாவுக்கும் வேனில் போக இஷ்டமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வேன் என்றால் ஓவர்டைம் முடிந்து கடைசி ஆள் ஏறினால்தான் கிளம்பும். அவர் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டின வீட்டு வாசலில் புத்தகப் பையோடு உட்கார்ந்திருப்பாள். ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டதும் எங்கள் வண்டியைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் அவளிடம் போய்ச் சேர முடியும். அதையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று குரலை நிமிர்த்திக்கொண்டார்: "கூடக் கேட்டீங்க, கூடக் குடுத்தோம். அதுக்கு ஒரு ஒழுங்கு வேணாமாண்ணே? திங்கக்கிழம வரைக்கும் பாப்போம். அப்பறம் வேன்தேன்."

முதலாளியின் பதில்

அன்று மதியமே முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் தோட்டம் துரவு உள்ள குடும்பத்துக்காரர். இந்த வண்டியோடு ஒரு சின்னத் தையல் யூனிட்டும் வைத்து, எக்ஸ்போர்ட்காரர்களுக்கு ஜாப் ஒர்க்காகக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறார். சீட், கூரை, கியர், வேன் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் யாரையோ நூல் மாற்றச் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஏப்பா மணி, சனங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, நீ காதுல வாங்கிக்காத."

அம்பு

அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். தைத்து வந்த சட்டையில் ஓட்டையோ, கறையோ, தையல் விட்ட இடமோ இருந்தால் செக்கிங் பெண்கள் அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரிசெய்ய முடிகிறது என்றால் அது ஆல்டர். முடியாது என்றால் ரிஜெக்ட். எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் அம்பு ஒட்டின சட்டை பெட்டிக்குள் போகாது.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. நான் பின் படியில் நின்றுகொண்டு என் பாட்டுக்கு "உள்ள போ, உள்ள போ, நடுவுல கட்டில் போட்டுத் தூங்கலாம், அவ்வளவு எடம் கெடக்குது" என்று கத்திக்கொண்டிருந்தேன். கம்பெனி வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். காலியான வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் சிவப்பு அம்பு. கிழிந்த சீட்டில் அம்பு. கையோடு வந்துவிடுகிற கம்பியில் அம்பு. இறங்காத ஜன்னல் ஷட்டரில், ஆடுகிற படியில், கூரையில் தொங்கிய பனியன் வேஸ்ட்டில். புதுக் கட்டண போர்டில் மட்டும் ஒன்றும் இல்லை, அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

பிய்த்துப் போட்டுவிடலாம் என்று கையை வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே செல்வியம்மா நின்றுகொண்டிருந்தார். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாடம் சொல்லித் தருகிற குரலில் சொன்னார்: "அதத் தொடாதீங்கண்ணே. ஒட்டுனவங்கதேன் எடுக்கணும், அதுவும் ஆல்டர் பண்ணுன பெறகு. அதேன் மொற."

எந்த பையர்?

டீசலுக்குக் காசு வாங்குவதற்காக அன்று மதியம் முதலாளியின் யூனிட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். வாங்குகிற கம்பெனியை இந்த ஊரில் பையர் என்பார்கள். பையர் அனுப்பிய ஆள் அம்பு ஒட்டினால் எங்கள் முதலாளிக்கு ராத்திரி தூக்கம் வராது. நான் போனில் ஒப்பித்த எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வண்டிக்குள் காலை வைத்து, முதல் சீட்டில் அந்த அம்பைப் பார்த்தாரோ இல்லையோ, மனிதர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். குரலைத் தணித்துக்கொண்டு, "எந்த பையருப்பா வந்திருக்காங்க? டீ குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"நம்ம பையர்தானுங்க. டிக்கெட் வாங்குறவங்க" என்றேன். அவர் கோபப்பட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை. ஒவ்வோர் அம்பாகக் குனிந்து பார்த்தார், கம்பியை ஆட்டிப் பார்த்தார், ஷட்டரை இழுத்துப் பார்த்தார். கூரையைப் பார்த்தபோது மட்டும் என்னைப் பார்த்தார், நான் மயில்சாமியைப் பார்த்தேன். கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஷிப்மெண்ட் எப்போது என்று கேட்டார். திங்கட்கிழமை காலை முதல் டிரிப் என்றேன். அந்த நிமிஷத்தில் அவர் பஸ் முதலாளியாக இல்லை, பெட்டி அடைக்க நேரமில்லாத பனியன்காரராக இருந்தார்: "திங்கக்கெழமையா? அப்ப வெல்டரு, ரெக்ஸின் தைக்கறவரு, கியருக்கு மெக்கானிக்கு, அத்தன பேரையும் வரச்சொல்லு. ஞாயித்துக்கெழமை ஓவர்டைம்."

செக்கிங்

திங்கட்கிழமை காலையில் எனக்குப் பரீட்சை ரிசல்ட் பார்க்கப்போகிற மாதிரி இருந்தது. பெண்கள் ஏறினார்கள், ஒருவரும் உட்காரவில்லை. செல்வியம்மா முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்தார். ரெக்ஸின் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார், கம்பியைப் பிடித்துத் தொங்கினார், ஷட்டரை மூன்று முறை ஏற்றி இறக்கினார். சரியாக இருந்த இடத்தில் அம்பைப் பிய்த்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார். கூரைக்குக் கீழே வெகு நேரம் நின்றார். தகரம் வைத்து அடித்து மூடியிருந்தோம். அங்கிருந்த அம்பையும் எடுத்தார். மயில்சாமி கியரைப் போட்டார். விழுந்தது. எட்டரைக்கு வெகு முன்னாலேயே கம்பெனி வாசலில் நின்றோம்.

புறங்கை முழுக்கச் சிவப்பு அம்புகளோடு அவர் பின் படிக்கு வந்தார். "வேனுக்குப் பேரு குடுக்கலண்ணே. சாயங்காலம் நிறுத்தத்துல நிப்போம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பையில் சில்லறை தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் புத்தம் புதிதாக ஓர் அம்பை எடுத்து என் சட்டைப் பாக்கெட்டில் ஒட்டினார். வண்டி முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை: "நாளெல்லாம் 'உள்ள போ, உள்ள போ'ன்னு மாட்டப் பத்துற மாதிரி பத்துறீங்கள்ல, அதுக்கு. பயப்படாதீங்க, ரிஜெக்ட் இல்ல. ஆல்டர் பண்ணிக்கலாம்."

வீட்டில்

அந்த அம்போடுதான் அன்று முழுக்க வேலை பார்த்தேன். ஒட்டினவர்தான் எடுக்க வேண்டும், அதுதான் முறை. வீட்டுக்குப் போனதும் மனைவி பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தப்பு. சாப்பாட்டை வைத்துவிட்டு, அம்பை ஒருமுறை அழுத்தி நன்றாக ஒட்டிவிட்டார்: "கல்யாணமான வாரத்துலயே நான் ஒட்டியிருப்பனுங்க. ஸ்டிக்கர்தான் கையில இல்லாமப் போச்சு."

ஆக, கட்டணம் ஏறி, சீட் மாறி, கூரை அடைபட்டு, வேனும் வராமல் போன எங்கள் பஸ்ஸில் இன்னும் ஆல்டரில் இருப்பது நான் ஒருவன்தான்.