கேபிளில் நைனா போட்ட ஒட்டு

எங்கள் ஊரில் கயிறு அறுந்தால் யாரும் புதிது வாங்க மாட்டார்கள். இரண்டு முனையையும் பிரித்து, புரிக்குப் புரி பின்னி, முன்பைவிடக் கெட்டியாக ஒட்டுப் போடுவார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் அதில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்கள் வீட்டைக் கெடுத்தது.

படகில் வயர்லெஸ் செட்டிலிருந்து ஏரியலுக்குப் போகும் கேபிளை நங்கூரம் அறுத்துவிட்டது. அதையும் அப்படித்தான் ஒட்டினார். உள்ளே இருக்கும் நடுக்கம்பி, அதைச் சுற்றியிருக்கும் கம்பிவலை, எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னி மேலே நைலான் நூலைச் சுற்றினார்.

அண்ணனோடு கடலுக்குப் போய் என்ஜின் நின்றபோது நைனா அந்தச் செட்டில்தான் கத்தினார். பேசும்போது எரியும் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் சித்தப்பாவின் படகு. அது கரைக்குத் திரும்பிவிட்டது. பிறகு அலை எங்கள் படகைக் கவிழ்த்தது. நைனா பிழைத்தார், அண்ணன் பிழைக்கவில்லை.

"நான் கத்துனத கேட்டுக்கினே போய்ட்டான்" என்று நைனா ஊர்க்கூட்டத்தில் சித்தப்பாவைக் காட்டிச் சொன்னார்.

"சத்தியமா ஒண்ணும் கேக்கலண்ணா" என்று சித்தப்பா கும்பிட்டார். அம்மா அவர் முகத்தில் மண்ணை வாரி வீசினாள். கடலையொட்டிய ஏரியில் முறைவைத்து வலை போடும் உரிமை, அதாவது 'பாடு', இனி அவருக்கு இல்லை என்று பேச்சு எழுந்தது. பாடு போனால் அவர் வீட்டில் உலை ஏது? முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.

பொன்னேரியில் டிஷ் ஆண்டெனா மாட்டுவது என் வேலை. கரைக்கு இழுத்துவந்த படகில் அந்த ஒட்டைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அறுத்தெடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், எல்லார் முன்னாலும் பிளேடால் பிளந்தேன்.

"சிக்னல் கம்பிக்குள்ள போறதில்ல நைனா. நடுக்கம்பிக்கும் வலைக்கும் நடுவுல கீதே வெள்ள பிளாஸ்டிக், அது வழியாத்தான் போவும். ரெண்டும் தொட்டுக்கிச்சுன்னா அங்கியே முட்டி செட்டுக்கே திரும்பிடும். நீ கத்துனது ஏரியலுக்கே போவல. அவருக்கு எப்டி கேக்கும்?"

நைனா அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தப்பாவின் பாடு பறிபோகவில்லை. அவர் எங்கள் பக்கம் திரும்பாமல் எழுந்து போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னை அறைந்தாள். "இத்த ஏன்டீ தொறந்த? ஒன் சித்தப்பன்தான் கொன்னான்னு அவன திட்டிக்கினு உசுரோட இருந்தேன். அவன் வேற வூடு. இப்ப இந்தாளுக்கு நான் தெனமும் சோறு போடணுமா?"

நைனா தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா போடவில்லை. நானும் போடவில்லை.