பரமத்தி வேலூருக்குப் போன ஹார்ட் டிஸ்க்

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடைக்காரர்கள் என்னைக் கண்டால் பயப்படுகிறார்கள் என்று என் கணவர் சொல்வது கொஞ்சம் மிகை. பயமெல்லாம் இல்லை, சலிப்புதான். புது ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் போய், மூன்றாம் நாள் திரும்பி வந்து, "முக்காவாசி நல்லாப் படிக்குதுங்க, கடசிக் காவாசி தடுமாறுது, மாத்திக் குடுங்க" என்று சோதனைக் குறிப்பு எழுதிய காகிதத்தை நீட்டுகிற பெண்ணை யார்தான் விரும்புவார்கள்? சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டுகிற உறவுக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் பாகங்களைப் பொறுக்கிக் கொடுப்பது என் வியாதி.

என் முறை எளிமையானது. எந்த டிஸ்க்காக இருந்தாலும் முழுக்க எழுதி நிரப்புவேன். பிறகு எழுதியதை முழுக்கத் திரும்பப் படிக்க வைப்பேன். மணிக்கொரு தடவை சூட்டைக் குறித்துக்கொள்வேன். படிக்கிற வேகம் திரையில் ஒரு கோடாக ஓடும். கோடு தொய்யாமல் போனால் டிஸ்க் பாஸ். இரண்டு மூன்று நாள் பிடிக்கும் இந்த வேலை எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும். அந்த நாட்களில் நானும் கணவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பெண் பார்க்கப் போன இடத்தில் கூட இவ்வளவு விசாரித்ததில்லை என்று அவர் முணுமுணுப்பார். விசாரித்திருக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

என் தங்கைக்கு மிஷின் கட்டிக் கொடுத்தபோது இந்த விசாரணை இரண்டு மடங்காக நடந்தது. அவள் கட்டிக்கொண்டு போன இடம் பரமத்தி வேலூர் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். அவள் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். கரூரில் ஒரு ஸ்டுடியோவுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். குழந்தை பிறந்த பிறகு, ஸ்டுடியோக்காரரிடம் பேசி, வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். குழந்தைக்கு இரண்டு வயது. வீட்டிலிருந்தே ஆல்பங்களைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தால் வேலை நிலைக்கும், தவறினால் பழையபடி கரூர் பஸ், அல்லது வேலையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவது. இதை அவள் என்னிடம் சொன்னது ஒரே தடவைதான். அவள் எதையும் ஒரு தடவைதான் சொல்வாள், நான் பத்து தடவை சொல்வேன்.

ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. இரண்டையும் மேசையில் வைத்து நான்கு நாள் ஓட்டினேன். இரண்டின் கோடும் ஒன்றன் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியது. பெருமையோடு ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், எல்லாருக்கும் அந்தக் கோடுகளைக் காட்டினேன். அன்றைக்கு ஆயுத பூஜை ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் நல்ல நேரம் பார்த்து ஊருக்குக் கிளம்பினேன். டிஸ்க்கைப் பஞ்சில் சுற்றி, நாமக்கல்லில் பஸ் மாறி, வேலூர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். மிஷினைப் பூட்டி முடித்ததும் தங்கையின் மாமியார் எட்டிப் பார்த்து, "இதுக்குள்ளதான் எல்லாக் கல்யாணமும் இருக்குமாங்க சாமி?" என்று கேட்டார். ஆமாங்க அத்தை என்றேன்.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை. தங்கை போன் செய்தாள்.

"நின்னு நின்னு போகுதுக்கா. காலைல நல்லா இருக்குது. மத்தியானம் ஆச்சுன்னா ஆல்பத்தத் தொறக்கவே மாட்டீங்குது."

"நீ எதாச்சும் புதுசா ஏத்துனியா?"

"ஒண்ணும் ஏத்துலக்கா."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் சொன்னது உண்மை. ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் வரைக்கும் கோடு நேராகப் போனது. அதற்கப்புறம் குழியில் விழுந்து எழுந்தது. கேபிளை மாற்றினேன், சரியாகவில்லை. மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டியை மாற்றினேன், அப்படியேதான் இருந்தது. டிஸ்க்கையே கழற்றிச் சேலத்துக்குக் கொண்டு வந்து என் மேசையில், மின்விசிறிக்கு அடியில் வைத்து ஓட்டினேன். ஒரு நாள் முழுக்க ஒரு பிசகு இல்லாமல் ஓடியது. திரும்பக் கொண்டுபோய் மாட்டினால் மத்தியானம் நின்றது.

டிஸ்க் குற்றமற்றது என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். நான் சோதித்த டிஸ்க் ஆயிற்றே. அப்படியானால் குற்றம் இடத்தின் மேல். அந்த வீட்டில் கிணற்று மோட்டாரும் வீட்டு விளக்கும் ஒரே கம்பத்திலிருந்து வருகின்றன. மோட்டாரைப் போட்டால் விளக்கு ஒரு முறை மங்கித் தெளியும். பார்த்தீர்களா என்றேன். யு.பி.எஸ் வாங்கி வைத்தேன். அதற்கும் அடங்கவில்லை. அதற்கப்புறமாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, என் தங்கையின் மாமியாரிடமும் கணவரிடமும், பகலில் அவள் வேலை செய்கிற நேரத்தில் மோட்டார் போடக் கூடாது என்று சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதையான வார்த்தை. உத்தரவு போட்டேன்.

வெற்றிலைக் கொடி தண்ணீருக்கு ஏங்குகிற பயிர். அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றியிருந்தது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வராத நாட்களில் கிணறுதான் கதி. அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை, நானும் அந்தப் பக்கத்து விவசாய வீட்டில் பிறந்தவள்தான். இருந்தும் சொன்னேன். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. மருமகளின் அக்கா, படித்தவள், சொன்னால் காரணம் இருக்கும் என்று விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. கொடிக்காலின் கடைசி வரிசைகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை.

மோட்டார் ஓடாத பகலிலும் டிஸ்க் நின்றது. பக்கத்துத் தோட்டத்து மோட்டாராக இருக்கும் என்று போனில் சொன்னேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தங்கை பேசினாள். ஒரு ஆல்பம் மூன்று நாள் தாமதமாகிவிட்டது. கல்யாண வீட்டார் ஸ்டுடியோவில் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். வருகிற திங்களிலிருந்து கரூருக்கே வந்து உட்கார்ந்து செய்வதானால் செய், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம்.

"நீ என்ன சொல்லப் போற?" என்றேன்.

"போறேன்னு சொல்லீர்லாம்னு இருக்கறன்க்கா. இங்க எல்லாருக்கும் செரமம்."

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்காத. நான் வாரேன்."

போனை வைத்துவிட்டு என் கம்ப்யூட்டரைக் கழற்றினேன். அந்த ஜோடியின் மற்றொரு டிஸ்க் அதற்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. முன்பே அதை எடுத்துப்போய் மாட்டிப் பார்க்கும் யோசனை வராமலில்லை. என் சோதனையை நானே சந்தேகப்படுவதா என்கிற திமிர்தான் அதை அமுக்கி வைத்திருந்தது. ஞாயிறு அதிகாலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். இன்றைக்குக் காரணம் தெரியாமல் திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் வேலையாக, தங்கையின் ஆல்பங்களை எல்லாம் என் டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். அவளுடையதைக் கழற்றிவிட்டு என்னுடையதைப் பூட்டினேன். பிறகு அத்தையிடம் போய், "மோட்டாரப் போடுங்க அத்தை" என்றேன்.

அவர் நம்பாமல் பார்த்தார். "இப்பவேங்களா?"

"ஆமாங்க. மத்தியானம் வரைக்கும் ஓடட்டும்."

மோட்டார் ஓடியது, விளக்கு மங்கித் தெளிந்தது, தங்கை வேலை செய்கிற, தகர ஷீட் போட்ட அறை கொதித்தது. என் டிஸ்க்கின் சூடு ஏறியது. கோடு மட்டும் அசையவில்லை. இரண்டு மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்தேன். மோட்டார் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்த வீட்டின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

மிஷினை நிறுத்தி, என் டிஸ்க்கையும் கழற்றி, இரண்டையும் கட்டில் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே எடை, ஒரே அச்சு, ஒரே ஆணிகள். இரண்டிலும் ஆயுத பூஜை அன்றைக்கு ஆய்வகத்தில் நான் வைத்த சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். இந்த டிஸ்க்கை நான் எத்தனை தடவை கையில் எடுத்திருப்பேன்? அந்தப் பொட்டை ஒரு தடவை கூட நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அது யார் கண்ணுக்கும் படாது. பைக், பீரோ, கிரைண்டர், லாரி ஸ்டியரிங், போர்வெல் போடுகிற ரிக் வண்டி என்று எல்லாவற்றின் மேலும் இருக்கிறது. இருப்பதே தெரியாது.

என் டிஸ்க்கில் பொட்டு ஓரத்தில் இருந்தது. தங்கையுடையதில், பூஜை அவசரத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். டிஸ்க் சூடாகும்போது உள்ளே இருக்கிற காற்று விரியும், அது போய்வர விட்டிருக்கிற மூச்சுத் துளை. இதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதை வருடா வருடம் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுகிறவள் நான்.

அறையில் யாரும் இல்லை. ஊசியால் சந்தனத்தைப் பக்குவமாக நெம்பி எடுத்து, துணியால் ஒற்றினேன். பூட்டி ஓட்டினேன். ஒரு மணி நேரம் தாண்டியும் கோடு நின்றது. சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. உண்மையாகவே அப்படிச் செய்யத் தோன்றியது. ஆனால் ஒரு தடவை சரியாக ஓடியதை வைத்து நான் எதையும் நம்புகிறவள் இல்லை. இதே டிஸ்க் என் மேசையில், மின்விசிறிக் காற்றில் சூடேறாமல், நன்றாக ஓடித்தானே என்னை ஏமாற்றியது. பொட்டுதான் காரணம் என்றால், திரும்ப வைத்தால் திரும்ப நிற்க வேண்டும்.

அடுப்படிக்குப் போனேன். "அத்தை, கொஞ்சம் சந்தனம் கொழச்சுக் குடுங்க."

"இந்த நேரத்துல எதுக்குங்க சாமி சந்தனம்?"

"மிசினுக்குங்க."

அவர் கேள்வி கேட்காமல், கை கால் கழுவிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்தார். சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் என நினைத்திருப்பார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளையின் மேல் பொட்டு வைத்தேன். காய்ந்த பிறகு பூட்டினேன். ஐம்பதாவது நிமிடம் கோடு குழியில் விழுந்தது.

பொட்டைத் திரும்ப நெம்பி எடுத்துவிட்டு, தங்கையையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். தப்பு மோட்டாரில் இல்லை, கரன்ட்டில் இல்லை, இந்த வீட்டில் இல்லை. நான் வைத்த பொட்டில். உங்களை விடியற்காலையில் எழுப்பி விட்டதும் கொடியைக் காய விட்டதும் நான். கடைசி வாக்கியம் நான் நினைத்த மாதிரி வரவில்லை.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். அத்தை கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுக்கென்னுங்க சாமி. அப்ப இனிப் பகல்லயே தண்ணி பாச்சிக்கலாமுங்களா?"

"பாச்சிக்கலாமுங்க."

அவர் போய்விட்டார். மாப்பிள்ளையும் கொடிக்காலுக்குப் போனார். தங்கை மட்டும் நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நம்பி, ஒரு மாசமா இந்த ஊட்டுல நான் யாரு மூஞ்சியவும் நிமுந்து பாக்கலக்கா. எம் பொழப்புக்காக அவிய கொடி காயுதுன்னு. கரூருக்குப் போறேன்னு சொன்னது மிசினுக்காக இல்ல."

இத்தனை வாரம் கேபிளையும் சூட்டையும் மின்சாரத்தையும் கேட்டேன். அவளிடம் எதையும் கேட்கவில்லை.

அவள் என் முன்னாலேயே ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, கரூருக்கு வரவில்லை, தாமதமான ஆல்பம் நாளைக் காலை வந்து சேரும் என்றாள். பிறகு போனைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"ஸ்க்ரூட்ரைவரக் குடு. எப்படிப் பாக்கறதுன்னு மொதல்ல இருந்து சொல்லு. இனி இது நின்னா, நின்னதுக்குக் காரணத்த நான் பாத்து உனக்குச் சொல்றேன். நீ எனக்குச் சொல்ல வேண்டாம்."

கொடுத்தேன். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மிஷினின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள். முதல் திருகை எதிர்ப்பக்கம் திருப்பினாள். என் கை தானாக நீண்டது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவளே கண்டுபிடித்துத் திருப்பும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.